இளசு எத்தனை

அமோனியா நெடி மூக்கில் ஏறாத நாள்
எனக்கு லீவு நாள்.
ஆரம்பாக்கம் ஐஸ் கம்பெனியில்
இரவு ஷிப்ட் என்னுடையது.
உப்புத்தண்ணித் தொட்டிக்குள் நூற்றெண்பது தகரக் கேன்,
கேனுக்குள் நல்ல தண்ணி.
உப்பு, தான் உறையாமல் நின்று
அடுத்ததை உறைய வைக்கும்.
ஓரத்திலிருந்துதான் பிடிக்கும் ஐஸ்.
அழுக்கு, காற்று, மிச்சக் கரிப்பு எல்லாவற்றையும்
நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகும்.
உடைத்தால், நெஞ்சு மட்டும்
பால் திரிந்த மாதிரி கலங்கியிருக்கும்.

இதைச் சொன்னபோதுதான்
ஹைமவதி நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.
சூலூர்பேட்டைக்காரி. தெலுங்கில் யோசித்துத் தமிழில் பேசுவாள்.
ஏரிச்சேற்றில் பறவை எண்ணுவது வேலை.
விடிகாலை டீக்கு எங்கள் கேட்டுக்கு வருவாள்,
முட்டிவரை சேறு.

"அங்கேயும் அப்படித்தான்."
அங்கே என்றால்
வரைபடத்தின் மேல் மடிப்பு,
கடலே கட்டியாகும் இடம்.
உறையும்போது கடல் தன் உப்பைக் கீழே கக்கிவிடுமாம்.
கட்டியின் அடிவயிற்றில் பாசி படருமாம்.
பாசிக்குப் பொடி இறால், இறாலுக்கு மீன்,
மீனுக்கு சீல்,
சீலுக்காக ஐஸ் ஓட்டையின் ஓரம்
மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும் வெள்ளைக் கரடி.
"கரடிக்கு அதுதான் தரை" என்றாள்,
டம்ளரைக் கவிழ்த்து வைத்தபடி.

எங்கள் காலண்டர் வேறு.
சித்திரை பிறந்தால் மீன்பிடித் தடை, அறுபத்தோரு நாள்.
கம்ப்ரஸர் ஊமை. கேன்களில் பல்லி.
ஏரி வற்றி, தடா பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும்
உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும்.
இந்த வெள்ளையை விட்டு எழும்பித்தான்
அந்த வெள்ளைக்குப் போகின்றன உள்ளான்கள்.
ஒரு கைப்பிடி வேர்க்கடலை எடை, அவ்வளவுதான் உடம்பு.
பனி விலகிய ஈரத்தரையில் நாலு முட்டை.
குஞ்சு நடக்கத் தொடங்கியதும்
பெரியவை கிளம்பிவிடும். ஆவணியில் இங்கே.
பிள்ளைகள் புரட்டாசியில் வரும்,
தனியாக,
யாரும் வழி சொல்லாமல்.

இந்த வருடம் புரட்டாசி போயிற்று.
ஐப்பசி மழையில் பெஞ்சலய்யாவின் லாரி
செக்போஸ்டில் நாலு மணி நேரம் நின்று
பதினெட்டுக் கட்டி தண்ணியாய் ஒழுகிப் போனது.
அதற்கு எங்கள் லெட்ஜரில் ஒரு கலம் உண்டு:
'கரைசல்'.
எழுதிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஹைமவதியின் நோட்டில் இரண்டே கலம்.
பெரியது: நாலாயிரத்து இருநூற்றுப் பத்து.
இளசு: பதினொன்று.

"ஐஸ் சீக்கிரம் உடைந்திருக்கும்.
தரை போனால் கரடி கரைக்கு வரும்.
கரையில் சீல் கிடையாது,
முட்டை உண்டு."
கொஞ்ச நேரம் கழித்து,
"கரடியோ, நரியோ, திடீர்க் குளிரோ. நான் போனதில்லை.
இங்கே நின்று, வராததை எண்ணுகிறேன்."

அன்றிரவு கேனைத் தூக்கும்போதெல்லாம்
கை சற்று நிதானித்தது.
ஒவ்வொரு கட்டியும் ஐம்பது கிலோ.
எதன் மேலும் யாரும் நிற்கப் போவதில்லை.

நேற்று விடியலில்
நொறுக்கு மெஷினுக்கு அடியில், சிதறிய ஐஸில்
ஒரு கல்திருப்பி.
ஆரஞ்சுக் கால்.
கல் என்று நினைத்துத் துண்டு துண்டாய்ப் புரட்டியது.
ஒன்றின் அடியில் இறால் மீசை.
அடுத்ததன் அடியில் சிமெண்டு.
மூன்றாவது, புரட்டுவதற்குள் கரைந்தது.

"இறகு ஓரம் பார், வெளிறியிருக்கு" என்று கிசுகிசுத்தாள்.
"இளசு."
நோட்டை எடுத்தாள். பேனா மூடியைக் கடித்தாள்.
"இது வேறு இனம். என் கணக்கில் சேராது."

ஐஸ் விலகியபின் பிறந்தது அது.
ஒருவேளை இதுதான்
அது மிதிக்கும் முதல் ஐஸ்.

சுவிட்ச்சில் வைத்த கையை நான் எடுத்துவிட்டேன்.
ஹாரன் மேல் ஹாரன் அடித்துவிட்டு
பெஞ்சலய்யா தலையை வெளியே நீட்டினான்:
"உல்லங்கி பிட்டயா? பாத்தாச்சில்ல?
ஐஸ ஏத்தப்பா, உருகுது."